கௌதமிபுத்திர சாதகர்ணி: வருணக் காவலும் அரச மரபும்

சிலப்பதிகாரம் சுட்டும் நூற்றுவர் கன்னரோடு ஆய்வாளர் பலர் இணைத்துக் காணும் சாதவாகன மரபில் பெரும்புகழ் பெற்றவன் கௌதமிபுத்திர சாதகர்ணி. அவனது ஆட்சியின் தொடக்கத்தில் மேற்குத் தக்காணத்தின் பெரும்பகுதி க்ஷகராதக் குடியைச் சேர்ந்த சக வேந்தன் நகபானனிடம் இருந்தது. 18ஆம் ஆட்சியாண்டளவில் சாதகர்ணி அதனை மீட்டான். சோகல்தெம்பியில் 1906இல் கிடைத்த 13,000க்கும் மேற்பட்ட நகபானன் வெள்ளிக்காசுகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கின்மேல் வென்றவனின் முத்திரை மறுபடி அச்சிடப்பட்டுள்ளது. அவ்வாண்டின் நாசிக் சாசனம், நகபானனின் மருமகன் உசபதாதன் துய்த்துவந்த 200 நிவர்த்தன நிலத்தைப் பௌத்தத் துறவியர்க்கு அளிக்கிறது. 24ஆம் ஆண்டில் அரசனும் அவன் தாயும் பிறப்பித்த ஆணை வேறொன்றையும் காட்டுகிறது. முன்பு வழங்கிய நிலம் ஒன்று உழப்படவில்லை, ஊரிலும் குடியில்லை. ஆதலின் 100 நிவர்த்தன அரசநிலம் மாற்றாகத் தரப்பட்டது. போரால் பாழ்பட்ட ஊரோ என எண்ண இடமுண்டு.

அவன் மறைந்தபின், புலுமாவியின் 19ஆம் ஆட்சியாண்டில், தாய் கௌதமி பாலசிரீ நாசிக் குகையொன்றைத் துறவியர்க்கு ஈந்து, மகனின் மெய்க்கீர்த்தியைப் பிராகிருதத்தில் பொறித்தாள். சகர், யவனர், பகலவரை அழித்தவன், க்ஷத்திரியரின் செருக்கை அடக்கியவன், நால்வருணக் கலப்பைத் தடுத்தவன், தாய்க்குக் குறைவறப் பணிபுரிந்தவன் என்றெல்லாம் அது போற்றுகிறது. ஒப்பற்ற பிராமணன் என அவனைக் குறிக்கும் தொடருக்குப் பிராமணரின் தனிப்பெருங் காவலன் என்றும் சிலர் பொருள் கொள்வர். தாய்வழிப் பெயரான கௌதமிபுத்திரன் என்பதில் பிராமண கோத்திரம் ஒலிப்பதால், முன்னைய பொருளே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

ஆயினும் இம்மரபினரைப் புராணங்கள் ஆந்திரர் என்கின்றன. மனுதர்ம சாத்திரமோ ஆந்திரரை வருணக் கலப்பில் பிறந்தோராக வகுத்து, காட்டு விலங்குகளைக் கொல்லுதலை அவர்தம் தொழிலாக விதிக்கிறது. சாத்திரத்தின் கணக்கில் கலப்பினராக வைக்கத்தக்க ஒரு குடியே கலப்பைத் தடுத்த புகழைக் கல்லில் எழுதிக்கொண்டது. வருண உயர்வு இங்கு அரசுரிமைக்கு வாயிலாக அமைந்ததைவிட, வாளால் பெற்ற அரசுரிமைக்குப் பின்னர்ச் சூட்டிய அணியாகவே அமைந்தது எனலாம்.

அடுத்த தலைமுறையின் மணவுறவும் இதற்குச் சான்று. சாதகர்ணியின் மகனாகக் கருதப்படும் வாசிட்டிபுத்திர சாதகர்ணியின் அரசி கார்த்தமகக் குடியினள் என்றும் மகாசத்ரபன் ஒருவனின் மகள் என்றும் கன்னேரிக் கல்வெட்டு கூறுகிறது. அம்மகாசத்ரபன் சக வேந்தன் உருத்திரதாமனே என்பது பொதுக் கருத்து. கி.பி. 150ஐ ஒட்டிய சுனாகட் கல்வெட்டில், தக்கணாபத வேந்தன் சாதகர்ணியை இருமுறை வென்றும் உறவின் நெருக்கம் கருதி அழிக்காது விட்டதாக உருத்திரதாமன் கூறிக்கொள்கிறான்.