முஹம்மது நிசார்: இந்தியாவின் முதல் டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தியவர்

முஹம்மது ஷமியும் முஹம்மது சிராஜும் பந்தோடு ஓடி வரும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சி முன் எழுந்து நின்று விடுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஜாகீர் கான் இருந்தார் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் இந்தியா டெஸ்ட் கிரிக்கெட்டில் காலெடுத்து வைத்த முதல் நாளில் முதல் விக்கெட்டை வீழ்த்தியவரும் முஹம்மது என்ற பெயரைச் சுமந்தவர்தான் என்று சொன்னால், யார் அவர் என்று கேட்பவர்களே அதிகம். அவர்தான் முஹம்மது நிசார்.

1910 ஆகஸ்ட் 1 அன்று, பிரிக்கப்படாத பஞ்சாபின் ஹோஷியார்பூரில் பிறந்தார் நிசார். உயர்ந்த, பருத்த உடல்வாகு. தோளில் வலு, பந்தில் கடும் வேகம். இந்தியர்களிடம் வேகப்பந்து வீச்சை யாரும் எதிர்பார்க்காத காலம் அது. அந்த நேரத்தில் பஞ்சாபிலிருந்து இப்படியொருவர் வந்தது கிரிக்கெட் வட்டாரத்தில் வியப்பாகப் பேசப்பட்டது.

1932இல் இந்திய அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1932 ஜூன் 25, சனிக்கிழமை, லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடங்கியது. இங்கிலாந்துக்காக முதலில் மட்டை பிடித்தவர்கள் ஹெர்பர்ட் சட்க்ளிஃப், பெர்சி ஹோம்ஸ். அதற்குப் பத்து நாட்கள்கூட முன்னதாக இல்லை, இதே இணை யார்க்‌ஷயர் அணிக்காக எஸ்ஸெக்ஸுக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 555 ஓட்டங்கள் குவித்து உலக சாதனை படைத்திருந்தது. இவர்களைப் பிரிக்கவே புதிய அணிக்கு அரை நாள் ஆகும் என்று மைதானத்தில் இருந்தவர்கள் நினைத்திருந்தால் அதில் தவறில்லை.

நிசாருக்கு அப்போது 21 வயது. சட்க்ளிஃபை 3 ஓட்டங்களில் பவுல்டு ஆக்கினார். அடுத்து ஹோம்ஸையும் 6 ஓட்டங்களில் பவுல்டு ஆக்கினார். பிறகு ஃபிராங்க் வுல்லி ரன் அவுட் ஆனபோது இங்கிலாந்தின் கணக்கு 3 விக்கெட்டுக்கு 19. இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டின் 79 ஓட்டங்கள் எடுத்து அணியை மீட்டார். 259 ஓட்டங்களில் அந்த இன்னிங்ஸ் முடிந்தபோது நிசாரின் கணக்கில் 93 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் இருந்தன. டெஸ்டில் இந்தியர் ஒருவர் ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தது அதுவே முதல் முறை. ஆட்டத்தில் இந்தியா 158 ஓட்டங்களில் தோற்றது. ஆனாலும் அந்த முதல் நாள் காலையை இங்கிலாந்து எளிதில் மறக்கவில்லை.

அன்று களமிறங்கிய இந்திய அணியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சி.கே. நாயுடு தலைமையில் ஹிந்துக்கள் நால்வர். நிசார், ஜஹாங்கீர் கான், சகோதரர்களான வஸீர் அலி, நஸீர் அலி என முஸ்லிம்கள் நால்வர். பார்சிகள் இருவர். மலாயாவிலிருந்து வந்த சீக்கியரான லால் சிங் பதினோராவது ஆள். தாயகத்தில் அன்று கிரிக்கெட் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது. பம்பாயின் புகழ்பெற்ற போட்டியில் ஹிந்துக்கள் ஓர் அணி, முஸ்லிம்கள் ஓர் அணி, பார்சிகள் ஓர் அணி, ஐரோப்பியர் ஓர் அணி. சமுதாயத்தின் பெயரே அணியின் பெயர். பின்னாளில் காந்தியடிகளே இந்தப் போட்டி வேண்டாம் என்று கருத்துச் சொல்லும் அளவுக்கு அது சர்ச்சைக்கு உள்ளானது.

அந்தப் பம்பாய் போட்டியில் நிசார் முஸ்லிம்கள் அணிக்குப் பந்து வீசியவர். எதிரே ஹிந்துக்கள் அணியில் நாயுடுவும் அமர் சிங்கும். இந்திய அணிக்கு வரும்போதோ, ஒரு முனையில் நிசார், மறுமுனையில் குஜராத்தின் ராஜ்கோட்டைச் சேர்ந்த அமர் சிங். இருவரும் 1910இல் சில மாத இடைவெளியில் பிறந்தவர்கள். நிசாரின் பலம் வேகம். அமர் சிங்கின் பலம், ஆடுகளத்தில் பட்டபின் பந்தைத் திருப்பும் நுட்பம். ஒருவரிடம் தப்பித்தவர் இன்னொருவரிடம் மாட்டிக்கொண்டார். 1932 பயணத்தின் முதல்தர ஆட்டங்களில் அமர் சிங் 111 விக்கெட், நிசார் 71 விக்கெட். எதிரணியாக நின்று ஒருவர் பலத்தை ஒருவர் அறிந்த இருவர், ஓரணியாக நின்றபோது எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இந்த எண்களே சாட்சி.

1933 டிசம்பரில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் நடந்தது. லாலா அமர்நாத் இந்தியாவுக்கான முதல் டெஸ்ட் சதத்தை அடித்ததால் அந்த ஆட்டம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. இங்கிலாந்து 438 ஓட்டங்கள் குவித்த அதே ஆட்டத்தில் 90 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்த நிசாரை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பந்து வீசுபவனின் உழைப்பு எப்போதும் மட்டை பிடிப்பவனின் நிழலில்தான் நிற்கிறது.

1936இல் மீண்டும் இங்கிலாந்துப் பயணம். இம்முறை கேப்டன் பொறுப்பு விஜயநகரம் மகாராஜகுமாரர் விஸ்ஸியிடம் இருந்தது. அணிக்குள் பூசலும் கோஷ்டியும் பெருகின. முதல் டெஸ்டுக்கு முன்பே அமர்நாத் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். இத்தனைக்கும் நடுவில் லார்ட்ஸில் இங்கிலாந்தை 134 ஓட்டங்களில் சுருட்டினார்கள். அமர் சிங் 35 ஓட்டங்களுக்கு 6 விக்கெட், நிசார் 3 விக்கெட். முதல் இன்னிங்ஸில் இந்தியா 13 ஓட்டங்கள் முன்னிலை பெற்றும் ஆட்டத்தை இழந்தது. ஓவல் மைதானத்தில் நடந்த கடைசி டெஸ்டில் வால்டர் ஹாமண்ட் 217 ஓட்டங்கள் விளாசினார். அந்த வெயிலிலும் ஓடி ஓடி வீசி 120 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார் நிசார்.

முதல் டெஸ்டில் 5 விக்கெட், கடைசி டெஸ்டிலும் 5 விக்கெட். ஆனால் அதுதான் தனது கடைசி டெஸ்ட் என்று 26 வயதான அந்த இளைஞருக்கு அன்று தெரிந்திருக்க நியாயமில்லை. அதன்பின் பத்து ஆண்டுகள் இந்தியா ஒரு டெஸ்டும் ஆடவில்லை. இரண்டாம் உலகப் போர் குறுக்கே வந்தது. 1940இல் அமர் சிங் 29 வயதிலேயே இறந்துபோனார். 1946இல் இந்திய அணி மறுபடி இங்கிலாந்து சென்றபோது நிசாருக்கு வயது 36 ஆகப் போகிறது. வேகப்பந்து வீச்சாளனின் வாலிபம் போருக்கு இரையாகி முடிந்திருந்தது.

அடுத்த ஆண்டு தேசமே இரண்டானது. பிறந்த ஹோஷியார்பூர் இந்தியாவில் நின்றது. நிசாரின் வாழ்க்கை எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானில் அமைந்தது. அவர் ஆடிய 6 டெஸ்டுகளில் நான்கு தோல்வி, இரண்டு டிரா. வெற்றி என்ற ஒன்றை அவர் இந்தியச் சட்டையில் கண்டதேயில்லை. 1952 பிப்ரவரியில் நம் சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது, அந்த அணிக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் வேறொரு நாட்டின் குடிமகனாக இருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தான் தன் முதல் டெஸ்டை டெல்லியில் இந்தியாவுக்கு எதிராக ஆடியது. அதில் பந்து வீசும் வயதையும் அவர் கடந்திருந்தார்.

1963 மார்ச் 11 அன்று லாகூரில், 52 வயதில் வஃபாத்தானார். 6 டெஸ்டுகளில் 25 விக்கெட். முதல்தர ஆட்டங்கள் 93இல் 396 விக்கெட், சராசரி 17.70. அவருக்குப் பிறகு அந்த அளவு வேகமுள்ள பந்துவீச்சுக்கு இந்தியா பல பத்தாண்டுகள் காத்திருந்தது. 1978இல் கபில்தேவ் வரும்வரை சுழற்பந்தே நாட்டின் நம்பிக்கையாக இருந்தது.

2006இல் இரு நாட்டுக் கிரிக்கெட் வாரியங்களும் ஒரு நல்ல காரியம் செய்தன. இந்தியாவின் ரஞ்சி கோப்பையை வென்ற அணியும் பாகிஸ்தானின் காயிதே ஆஸம் கோப்பையை வென்ற அணியும் ஆண்டுதோறும் மோதும் போட்டிக்கு நிசார் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். முதல் ஆட்டம் ஹோஷியார்பூருக்கு அதிகத் தொலைவில்லாத தர்மசாலாவில் நடந்தது. அடுத்த ஆண்டு கராச்சி, அதற்கடுத்த ஆண்டு டெல்லி. 2008 நவம்பரில் மும்பையில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு அந்தப் போட்டி நின்றது. இன்றுவரை திரும்பவில்லை.

இரண்டு நாடுகளும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கக்கூடத் தயங்கும் காலத்தில் கோப்பை திரும்புவது நம் கையில் இல்லை. ஆனால் பிள்ளைகளிடம் ஒரு பெயரைச் சொல்லி வைப்பது நம் கையில் இருக்கிறது. இந்த நாட்டின் விளையாட்டில் உனக்கு என்ன பங்கு என்று யாராவது அவர்களைக் கேட்டால், கோபப்படாமல் ஸ்கோர் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டட்டும். இந்தியா எடுத்த முதல் டெஸ்ட் விக்கெட்டுக்கு நேரே நிசார் என்று எழுதியிருக்கிறது. மறுமுனையில் பந்து வீசியவர் அமர் சிங் என்பதையும் சேர்த்தே அவர்கள் சொல்லட்டும்.