மாருதி 800 இன்ஜினில் ஒரு ரேஸ் கார்: யார் இந்த கரிவரதன்?

இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 பந்தயத்தில் கார் ஓட்டியவர்கள் இதுவரை 2 பேர்தான். 2005-ல் நரேன் கார்த்திகேயன், 2010-ல் கருண் சந்தோக். இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். இரண்டு பேருக்கும் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஒற்றை இருக்கை ரேஸ் காரில் அவர்கள் பந்தயத்துக்கு இறங்கியது, மாருதி 800 இன்ஜின் பொருத்திய 'ஃபார்முலா மாருதி' காரில்.

வீட்டு வாசலில் நிற்கும் குட்டிக் காரின் இன்ஜினை எடுத்து ரேஸ் கார் செய்யலாம் என்று யோசித்து, செய்தும் காட்டியவர் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். ரேஸ் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் 'கரி'. 41 வயதில் இறந்துபோன இந்த மனிதர் இந்திய மோட்டார் ரேஸை எப்படி மாற்றினார்? பார்ப்போம்.

சோழவரம் காலம்

கரிவரதன் பிறந்தது 1954-ல், கோவையின் ஜவுளித் தொழில் குடும்பம் ஒன்றில். காசுக்குக் குறைவில்லை. ஆனால் அவருக்கு ஆர்வம் எல்லாம் இன்ஜின் மேல்தான்.

அந்தக் காலத்தில் ரேஸ் என்றாலே சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் அலைமோதும். கரியும் அங்கே ஓட்டிப் பெயர் வாங்கியவர்.

சோழவரத்தில் இரண்டு வகையான கார்கள் ஓடின. ஒன்று, வெளிநாட்டில் ஓடி ஓய்ந்த பிறகு இங்கே வந்த அசல் ரேஸ் கார்கள். விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். இன்னொன்று, ஃபியட், அம்பாசிடர், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மாதிரியான ரோட்டுக் கார்கள். சீட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, இன்ஜினை முறுக்கேற்றி ரேஸுக்குக் கொண்டுவருவார்கள்.

இரண்டிலும் சிக்கல் இருந்தது. இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு இருந்த காலம் அது. வெளிநாட்டு ரேஸ் காரில் ஒரு கியர் உடைந்தால், அதே கியர் வந்து சேரும்வரை கார் ஷெட்டில்தான் நிற்கும். வாங்குவதைவிட வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிய செலவு. ரோட்டுக் காரை மாற்றி ஓட்டுபவர்களுக்கோ வேறு கவலை. எவ்வளவு கழற்றினாலும் அது குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகச் செய்த வண்டி. கனமாகத்தான் இருக்கும்.

எடை குறைந்தால் என்ன ஆகும்?

ஒரு கார் எவ்வளவு வேகமாகப் பாயும் என்பதை இன்ஜினின் பலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த இன்ஜின் எத்தனை கிலோவை இழுக்கிறது என்பதும் முக்கியம்.

ஒரு சின்னக் கணக்கு. பழைய மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ. இன்ஜினின் பலம் சுமார் 40 குதிரைத்திறன். அதாவது ஒரு குதிரை 16 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். அதே இன்ஜினை 400 கிலோ எடையுள்ள வண்டியில் வைத்தால்? ஒரு குதிரைக்கு 10 கிலோதான். இன்ஜினில் கை வைக்காமலேயே கார் சீறிப் பாயும்.

லாபம் அதோடு நிற்பதில்லை. எடை குறைந்தால் பிரேக் சீக்கிரம் பிடிக்கும், வளைவில் வண்டி பிடிமானத்தோடு திரும்பும், டயர் மெதுவாகத் தேயும். கைக்காசு போட்டு ஓட்டும் அமெச்சூர் ரேஸருக்கு டயர் செலவு மிச்சம் என்பது சாதாரண விஷயம் இல்லை.

உலகம் முழுக்க அமெச்சூர் ரேஸ் வளர்ந்ததே இந்த வழியில்தான். இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற இளைஞர் 1948-ல், ஆஸ்டின் செவன் என்ற பழைய மக்கள் காரைப் பிரித்து தன் முதல் காரைக் கட்டினார். லோட்டஸ் நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. 1957-ல் அந்த நிறுவனம் கொண்டுவந்த எடை குறைந்த 'லோட்டஸ் செவன்' வகைக் கார்களை, வீட்டு ஷெட்டில் ரிப்பேர் பார்த்து வார இறுதியில் ரேஸ் ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பாகங்களை வைத்து 'ஃபார்முலா வீ' வந்தது. 1967-ல் இங்கிலாந்தில் 'ஃபார்முலா ஃபோர்டு' வந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஊரெல்லாம் ஓடும் காரின் இன்ஜின், அதைச் சுற்றி எடை குறைந்த உடம்பு.

இந்தியாவில் அப்படி 'ஊரெல்லாம் ஓடும் கார்' எது?

1983 டிசம்பரில் அதற்குப் பதில் கிடைத்தது. மாருதி 800 வந்தது.

ஃபார்முலா மாருதி எப்படி வேலை செய்தது?

மாருதி 800-ல் இருந்தது 796 சிசி, 3 சிலிண்டர் இன்ஜின். கையடக்கமானது, எடை குறைந்தது. காரின் முன்பக்கத்தில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே தொகுப்பாக உட்கார்ந்து முன் சக்கரங்களைச் சுழற்றும். கரியின் வடிவமைப்பில் அந்தத் தொகுப்பு டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போனது. இப்போது அது பின் சக்கரங்களைச் சுழற்றும். முன்னால் ஒரே ஒரு ஆள் படுத்த மாதிரி உட்காரும் இருக்கை. கூரை இல்லை, கதவு இல்லை. 1980-களின் பிற்பகுதியில் 'ஃபார்முலா மாருதி' என்ற பெயரில் இந்தக் கார்கள் டிராக்குக்கு வந்தன.

ஃபார்முலா 1 காரோடு ஒப்பிட்டால் இது பொம்மை மாதிரிதான். ஆனால் இதில் 3 முக்கியமான விஷயங்கள் இருந்தன.

முதலாவது, பராமரிப்பு. கிளட்ச் பிளேட் போச்சா? கார்புரேட்டர் தகராறா? லண்டனுக்குக் கடிதம் எழுத வேண்டாம். அடுத்த தெரு மாருதி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால் போதும். இந்த இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஊர் இருந்தார்.

இரண்டாவது, சம போட்டி. எல்லோருக்கும் ஒரே இன்ஜின், ஒரே மாதிரி கார். யார் அப்பா பணக்காரர் என்பதைவிட, யார் வளைவில் தாமதமாக பிரேக் பிடித்து சரியான கோட்டில் திரும்புகிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாவது, பயிற்சி. வெளிநாட்டு ரேஸ் பள்ளிகளில் புதியவர்கள் பழகுவதும் ஒற்றை இருக்கைக் காரில்தான். இங்கே ஒருவர் அம்பாசிடரிலோ ஃபியட்டிலோ எவ்வளவு நன்றாக ஓட்டினாலும், அங்கே போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஃபார்முலா மாருதி அந்த இடைவெளியை நிரப்பியது.

சரியான நேரத்தில் டிராக்கும் வந்தது. சோழவரம் ஓடுதளத்தை விட்டு வெளியேறிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸுக்கென்றே 3.7 கிலோமீட்டர் டிராக்கை அமைத்தது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் தினமும் பயணிக்கிற பலருக்கு, பக்கத்திலேயே இப்படி ஒரு டிராக் இருப்பது இன்றும் தெரியாது.

கரி பார்க்காத வெற்றி

கரிக்கு உறவுக்காரப் பையன் ஒருவர் கோவையில் இருந்தார். அவரது அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன், தேசிய அளவில் பட்டம் வென்ற ராலி ஓட்டுநர். அந்தப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா மாருதியில் ஓட்டிய முதல் பந்தயத்திலேயே முதல் 3 இடங்களுக்குள் வந்தார். பிறகு பிரான்ஸில் ரேஸ் பள்ளி, அடுத்து இங்கிலாந்து. 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவில் ரேஸ் சாம்பியன்ஷிப் ஒன்றை வென்ற முதல் இந்தியர் அவர்.

கரிக்குத் தரையில் பாய்வது மட்டும் போதவில்லை. பறப்பதிலும் பைத்தியம். 1995 ஆகஸ்டில், பறக்கும்போது நடந்த விபத்தில் இறந்தார். நரேன் ஃபார்முலா 1-ல் இறங்கியது அதற்கு 10 ஆண்டுகள் கழித்து, 2005 ஆஸ்திரேலிய பந்தயத்தில். 2000-ல் ஃபார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கிய கருண் சந்தோக்கையும் கரி பார்க்கவில்லை.

இன்று என்ன மிச்சம்?

கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட ரேஸ் டிராக்குக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று பெயர் வைத்தார்கள். நீளம் 2.1 கிலோமீட்டர். தேசிய ரேஸ் சாம்பியன்ஷிப் சுற்றுகள் அங்கே நடக்கின்றன. பெயர் மட்டுமல்ல, யோசனையும் தொடர்கிறது. கோவையிலேயே உருவான ஃபார்முலா எல்ஜிபி கார்களில் மாருதி சுசூகி இன்ஜின்கள் ஓடின. 800 போய் ஸ்விஃப்ட் வந்தது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் ரேஸ் எல்லோருக்குமான விளையாட்டு ஆகிவிட்டதா? இல்லை. கிரிக்கெட் மட்டை வாங்குகிற காசில் ரேஸ் ஓட்ட முடியாது. வெளிநாட்டுக்குப் போய் மேலே ஏற ஸ்பான்சர் வேண்டும், குடும்ப வசதி வேண்டும். ஃபார்முலா 1-க்குப் போன 2 பேருமே ரேஸ் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதும் உண்மை. முதல் படியை மட்டும்தான் கரியால் தாழ்வாக அமைக்க முடிந்தது.

ஆனால் அந்த முதல் படியே இல்லாத காலம் ஒன்று இருந்தது. வெளிநாட்டு ரேஸ் காரை வாங்கி ஓட்டும் வசதி கரிக்கு இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் சோழவரத்தின் பழைய சாம்பியன்கள் பட்டியலில் ஒரு பெயராக இருந்திருப்பார். மற்றவர்களும் ஓட்டும்படி ஒரு காரைச் செய்ததால்தான், அவர் இறந்து 30 ஆண்டுகள் ஆன பிறகும் கோவையில் புதிதாக ஹெல்மெட் மாட்டும் பிள்ளைகள் அவர் பெயர் கொண்ட டிராக்கில் முதல் சுற்று ஓட்டுகிறார்கள்.