உதவித்தொகையும் பழைய நூல்களும்: அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவம்

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கருக்கு மாதம் 11.5 பவுண்டு கிடைத்தது. அதில் வீட்டுக்கும் அனுப்பி, வயிற்றைச் சுருக்கி மிச்சம்பிடித்த காசில், நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளில் ஏறத்தாழ 2,000 நூல்களைச் சேர்த்தார். அவற்றுட் பல அவரிடம் வந்து சேரவேயில்லை. 1917இல் உதவித்தொகை முடிந்ததும் லண்டன் படிப்பு பாதியில் நின்றது. அவரது உடைமைகள் வந்த கப்பலோ போரில் மூழ்கடிக்கப்பட்டது. கல்லூரிப் பேராசிரியராகப் பணிசெய்து பணம் சேர்த்து, 1920இல் மீண்டும் லண்டன் சென்று படிப்பை முடித்தார். பின்னாளில் மும்பை தாதரில் ராஜகிருகம் எழுப்பி, நூல்களுக்கு நிலையான இடம் அமைத்தார்.

1944இல் பட்டியல் சாதி மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் பிறந்தபோது, வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் இருந்தார். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குப் பேருந்தேறும் நம் மாணவர்க்கு அத்தொகை காலத்தே கிடைக்க வேண்டும். அது தாமதமானால் முதலில் கைவிடப்படுவது நூல், அடுத்தது படிப்பு. ஆதலின் அதை உரிமையாகவே நாம் கோருகிறோம்.