மருத்துவ மேதை சுப்பாராவ்

பெனிசிலின் கண்ட பிளெமிங்கை நாம் அனைவரும் அறிவோம். சென்னையில் பயின்ற டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவை அறிந்தோர் சிலரே. ஆகவே அவரைப் பற்றி எழுத விழைந்தேன்.

1895 சனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்றார். மருத்துவமனையில் இரவுப் பணியாளாக உழைத்தவாறே ஹார்வர்டில் ஆராய்ந்தார். 1940-இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஆராய்ச்சித் தலைவரானார்.

பெனிசிலின் கிருமியின் சுவரைத் தாக்குவது. சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நிமோனியாவுக்கு அது பயன்படாது. சுப்பாராவின் தலைமையில், எழுபது கடந்த தாவரவியலார் டுகர் மண்ணிலிருந்து கண்டெடுத்த ஆரியோமைசினோ, கிருமி புரதம் செய்வதையே தடுத்தது. 1948-இல் அம்மருந்து வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, 53-ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அதன் வழிவந்த டாக்சிசைக்ளின் இன்றும் உயிர் காக்கிறது. கடும் நிமோனியாவில், கிருமி இன்னதென்று தெரியுமுன்பே மருத்துவர் இருவகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

நம் தீவில் சளி, காய்ச்சல் என்றால் கடையில் மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குவோர் பலர். மருந்தைத் தேர்வதை மருத்துவரிடம் விடுவோம். அதுவே அம்மேதைக்கு நாம் செலுத்தும் அஞ்சலி என்பேன்.