ஹார்மோனின் செயல்வடிவம் கண்டவர்

உடல் வெப்பம், இதயத் துடிப்பு, குழந்தையின் மூளை வளர்ச்சி ஆகியவை கழுத்தின் முன்புறம் அமைந்த தைராய்டு சுரப்பியைச் சார்ந்தவை. அச்சுரப்பியின் ஹார்மோனாகிய தைராக்சினை அமெரிக்க அறிவியலாளர் கெண்டால் 1914ஆம் ஆண்டு பிரித்தெடுத்தார். இங்கிலாந்தின் ஹாரிங்டன் 1926இல் அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்தார். நான்கு அயோடின் அணுக்களைக் கொண்ட தைராக்சினே தைராய்டின் ஹார்மோன் என்னும் கருத்து கால் நூற்றாண்டு நிலைத்திருந்தது. அதனை மாற்றியவர்களுள் ஒருவர், ஹாரிங்டனின் மாணவியான ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ்.

1907ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்த ரோசலிண்ட், பெட்ஃபோர்டு கல்லூரியில் வேதியியல் பயின்றார். 1931இல் திருமணம் செய்துகொண்டார். ஒரு மகனுக்குத் தாயானார். 1937இல் கணவரைப் பிரிந்தார். ஆயினும் கல்வியைக் கைவிடாது, 1939இல் முனைவர் பட்டம் பெற்றார். 1942இல் இலண்டன் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். 1945இல், விடுவிக்கப்பட்ட பெல்சன் வதைமுகாமுக்குச் சென்று, பட்டினியால் நலிந்தோருக்கான சிகிச்சை முறைகளை ஆராய்ந்த குழுவில் பணியாற்றினார்.

1950இல் கனடாவிலிருந்து வந்த ஜாக் கிராஸ் அவருடன் இணைந்தார். கதிரியக்க அயோடினைச் செலுத்தி, வண்ணப்பிரிகை முறையில் இரத்தத்தை ஆராய்ந்தபோது, தைராக்சின் அல்லாத வேறோர் அயோடின் சேர்மமும் புலப்பட்டது. அது வெறும் சிதைவுப் பொருளா, உடலை இயக்கும் ஹார்மோனா என்பதே வினா. ரோசலிண்ட் மூன்று அயோடின் அணுக்களைக் கொண்ட டிரை அயோடோ தைரோனினை ஆய்வகத்தில் உருவாக்கினார். இரத்தத்தில் தோன்றிய சேர்மமும் அதுவும் ஒன்றே எனத் தெளிவாயிற்று. எலிகளில் சோதித்தபோது, அது தைராக்சினைவிடப் பன்மடங்கு ஆற்றலுடன் செயல்பட்டது. சிதைவுப் பொருள் என்னும் ஐயம் நீங்கியது. 1952இல் இம்முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டில் பிரான்சில் ழான் ரோஷ் குழுவினரும் தனித்து ஆராய்ந்து இச்சேர்மத்தைக் கண்டறிந்தனர்.

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் தைராக்சினையே வெளியிடுகிறது. கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில், செலினியம் அடங்கிய நொதிகள் அதிலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்குகின்றன. வெளிவளையத்து அணு நீங்கினால் ஆற்றல் மிக்க ஹார்மோன் உருவாகிறது. உள்வளையத்து அணு நீங்கினால் உருவாகும் சேர்மம் அவ்வாற்றலை இழக்கிறது. உடலிலுள்ள டிரை அயோடோ தைரோனினில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சுரப்பிக்கு வெளியே இவ்வாறு தோன்றுவதே. அது செல்லின் உட்கருவிலுள்ள ஏற்பிகளுடன் இணைந்து மரபணுக்களின் செயலை நெறிப்படுத்துகிறது.

தைராக்சின் முன்னோடிப் பொருளாகவும் இருக்கலாம் என்னும் கருத்து அன்று எளிதில் ஏற்கப்படவில்லை. தைராய்டு சுரப்பி செயலற்றவர்களின் உடலிலும் இம்மாற்றம் நிகழ்வதை 1970இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. 1954இல் இராயல் கழக உறுப்பினரான ரோசலிண்ட், தம் நிறுவனத்தின் வேதியியல் துறைத் தலைவராகப் பணியாற்றி 1972இல் ஓய்வுபெற்றார், 1990இல் மறைந்தார். இன்று தைராய்டு நோயறிதலுக்கான இரத்தப் பரிசோதனைகளுள் அவர் கண்டறிந்த ஹார்மோனின் அளவும் இடம்பெறுகிறது.