ஓலே-யோஹன் டால்: டோல்கேட்டில் நின்ற வண்டிகள்

கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் எல்லாம் நமக்கு இரண்டாம் வருஷ சிலபஸ். இவற்றை முதலில் யோசித்த இரண்டு பேரில் ஒருவர் ஓலே-யோஹன் டால். ஜாவாவில் எனம் எழுதும்போதுகூட இவரை நினைக்கலாம். ஏன்னு கடைசியில் சொல்றேன்.

டால் 1931 அக்டோபர் 12 அன்று நார்வேயின் தென்கோடியில் உள்ள மண்டால் ஊரில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் நார்வே ஜெர்மனியின் பிடியில் இருந்தபோது, குடும்பமே ஸ்வீடனுக்குத் தப்பிப் போனது. அப்போது அவருக்கு 13 வயது. 1952-ல் ராணுவ சேவைக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தவர், அங்கே கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டார். கிறிஸ்டன் நைகார்ட் பழக்கமானதும் அங்கேதான்.

நைகார்டுக்கு நிஜ உலக வேலைகளை சிமுலேஷன் செய்ய ஒரு மொழி வேண்டும். என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதை ஓடும் மொழியாக்கும் திறமை டாலிடம் இருந்தது. 1963-ல் டாலும் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்துக்கு வந்து சேர, சிமுலா பிறந்தது.

அடுத்த வெர்ஷனுக்கு யோசிக்கும்போது ஒரு உதாரணம் அவர்களைப் படுத்தியது. ஒரு பாலம், ஒரு டோல்கேட், ஒரு க்யூ. க்யூவில் லாரியும் நிற்கும், பஸ்ஸும் நிற்கும். இரண்டும் வேறு வேறு. ஆனா க்யூவுக்கு அந்த வித்தியாசம் தேவையே இல்லை. பொதுவான பகுதியைத் தனியாக எழுதி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் முன்னால் ஒட்டிவிட்டால்? இதுதான் இன்ஹெரிட்டன்ஸ். கூடவே வெர்ச்சுவல் ப்ரொசீஜரும் வந்தது: பெயர் மேலே இருக்கும், செயல் ஒவ்வொரு வகைக்கும் மாறும். கூப்பிடுகிறவர் நீ லாரியா பஸ்ஸா என்று கேட்க வேண்டியதில்லை. இது 1967-ல் சிமுலா 67 ஆக வெளிவந்தது.

1968-ல் டால் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1972-ல் டைக்ஸ்ட்ரா, ஹோர் இருவரோடு சேர்ந்து ஸ்ட்ரக்சர்டு ப்ரோகிராமிங் என்ற புத்தகம் வெளியிட்டார். அதில் மதிப்புகளைப் பெயர் சொல்லி வரிசையாக அடுக்கும் டைப்பைப் பற்றி ஹோர் எழுதிய பகுதி இருக்கிறது. கிளாஸ் பற்றி டாலும் ஹோரும் எழுதிய பகுதியும் இருக்கிறது. ஒரே அட்டைக்குள் எனமும் கிளாஸும்!

இரண்டும் கைகோர்ப்பதை 2004-ல் வந்த ஜாவா 5-ல் பார்க்கலாம். அதில் எனம் வேறு கிளாஸை எக்ஸ்டெண்ட் பண்ண முடியாது, ஆனா இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் பண்ணலாம். டோல்கேட்டையே எடுத்துக்கோங்க. கார், பஸ், லாரி மூன்றும் வண்டி என்ற எனமின் மதிப்புகள். கட்டணம் கணக்கிடும் மெத்தடு இன்டர்ஃபேஸில் இருக்கிறது. ஒவ்வொரு மதிப்பும் தன் கட்டணத்தைத் தானே சொல்லும். நாளைக்கு டிராக்டரைச் சேர்த்துக் கட்டணத்தை எழுத மறந்தால், கம்பைலரே நிறுத்திவிடும். இதையே நாலு இடத்தில் ஸ்விட்ச் போட்டு எழுதியிருந்தால், டிராக்டர் சத்தமில்லாமல் டிஃபால்ட் வழியாகத் தப்பான கட்டணத்தில் போய்விடும். எரர் வராது, கணக்கு மட்டும் உதைக்கும். இன்னொரு வசதியும் உண்டு: வேறொருவர் தன் சொந்த எனமை அதே இன்டர்ஃபேஸோடு எழுதினால், டோல் கோடில் ஒரு வரிகூட மாற வேண்டாம்.

டாலுக்கும் நைகார்டுக்கும் 2001-ம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. விருது பெறுபவர்கள் வழக்கமாகத் தரும் உரையை இருவராலும் தர முடியவில்லை. 2002 ஜூன் 29-ல் டால் காலமானார். ஆகஸ்ட் 10-ல் நைகார்டும் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த தடவை எனம் மேல் ஸ்விட்ச் போடக் கை போனால், ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கோடா, இல்லை அந்த வண்டியா?