கடன் தீர்த்த கவிராயர்

பழைய திரைப்படங்களைப் பற்றிப் பேச்செழுந்தால் முதலில் நடிகரின் முகம் நினைவுக்கு வரும். அடுத்துப் பாடியவரின் குரல் காதில் ஒலிக்கும். இசையமைத்தவரின் பெயரையும் இசையறிந்த சிலர் எடுத்துச் சொல்வர். பாட்டை எழுதியவர் யார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும் விடை சொல்வார் அருகியே காணப்படுவர். திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களில் இரவுப் பணியில் இருப்போர், தையல் எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே வானொலியோடு சேர்ந்து முணுமுணுத்த பழைய பாடல்கள் பல. அவற்றுள் சிலவற்றை எழுதியவர் தங்கள் ஊருக்குத் தெற்கே, உடுமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்? அவர்தாம் பகுத்தறிவுக் கவிராயர் எனப் போற்றப்பெற்ற உடுமலை நாராயணகவி.

பூளவாடிச் சிறுவன்

கொங்கு நாட்டின் தென்பகுதியில் உடுமலைப்பேட்டையை அடுத்துள்ள பூளவாடியில், 1899-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் கிருஷ்ணசாமி, முத்தம்மாள் இணையரின் மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நாராயணசாமி. அந்நாளில் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2009-ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது அதன் பகுதியாயிற்று.

இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தமையனார் வளர்த்தார். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. அக்கம்பக்கத்துச் சிற்றூர்களுக்கு நடந்து சென்று தீப்பெட்டி விற்று வாழ்க்கையை ஓட்ட வேண்டிய நிலை. பிற்காலத்தில் அவர் பாடல்களில் வறியவர் வீட்டு அடுப்பும், கடன்காரன் வரவும், மாதக் கடைசியின் கையறு நிலையும் அத்துணை உண்மையோடு இடம்பெற்றமைக்கு வேர் இவ்விளமையில் இருக்கிறது எனலாம்.

பள்ளி தராத கல்வியை ஊர் தந்தது. ஒயிற்கும்மி, உடுக்கடிப் பாட்டு, தப்பிசை எனக் கொங்கு நாட்டுத் திருவிழாக் கலைகள் பலவற்றையும் அவர் கேட்டும் ஆடியும் பழகினார். ஓசையை முதலில் காதாலும் காலாலும் கற்றவர் அவர். எழுத்தால் கற்றது பின்னர்தான். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அச்சிறுவனின் ஆற்றலைக் கண்டு மாணவனாக ஏற்றுக்கொண்டார். ஆசிரியரோடு சென்று நாடகக் குழுவில் பாடவும் நடிக்கவும் அவர் பயின்றார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தார். அவரிடத்தில் யாப்பு நுணுக்கம் கற்கும் பேறும் நாராயணசாமிக்கு வாய்த்தது. முத்துசாமிக் கவிராயரிடம் தொழிலையும் சுவாமிகளிடம் இலக்கணத்தையும் பெற்ற அம்மாணவர், நாராயணகவி என்னும் பெயரால் வெளிப்பட்டார்.

கதரும் கடனும்

அவர் வாலிபராக இருந்த காலத்தில் கொங்கு நாடெங்கும் கதர் இயக்கம் பரவியிருந்தது. அனைத்திந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. சிற்றூர்ப் பெண்கள் இராட்டையில் நூற்ற நூல் தறிக்குப் போய்த் துணியாகித் திருப்பூர் வழியாக நாடெங்கும் சென்றது. ஈரோட்டுச் செல்வர் ஈ.வெ. இராமசாமி கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊரூராக விற்ற காலம் அது. 1932-ஆம் ஆண்டு சனவரியில் கொடியேந்திச் சென்ற குமரன் தடியடிபட்டு உயிர் நீத்ததும் இதே திருப்பூரில்தான்.

அந்த வேகத்தில் நாராயணகவியும் ஈர்க்கப்பட்டார். தேசியப் பாடல்களை எழுதிப் பாடினார், கதர்க்கடை வைத்தார். கவிஞருக்கு வாணிகம் கைகூடவில்லை. கடன் கொடுத்த கை, வாங்கிய கையைத் தேடி வந்தது. கொள்கைக்காகத் தொடங்கிய கடை குடும்பத்தையே நெருக்கும் சுமையாயிற்று. கடன் முழுவதையும் தீர்க்கும் வரை ஊர் திரும்புவதில்லை என உறுதி பூண்டு, கவிஞர் பூளவாடியை விட்டுப் புறப்பட்டார். கையிலிருந்த பொருள் சிறிது. ஆசிரியர்கள் தந்த கல்வியே உண்மையான முதலாக இருந்தது.

நாடகக் குழுக்களுக்குப் பாட்டெழுதிக் கொடுப்பது அவர் தொழிலாயிற்று. அக்காலத்து நாடகப் பாடலாசிரியரின் பணி எளிதானதன்று. ஆர்மோனியக்காரர் வர்ணமெட்டை வாசித்துக் காட்டுவார். நடிகர் ஒப்பனை முடித்துக் காத்திருப்பார். அதற்குள் மெட்டின் நெடில் குறில் அறிந்து, காட்சிக்குப் பொருந்தி, கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் புரியும்படி பாட்டு அமைய வேண்டும். இப்பயிற்சியே பின்னாளில் திரைப்படத் துறையில் அவருக்குக் கைகொடுத்தது. 1931-இல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபின் நாடகமேடைக் கலைஞர்கள் பலரும் திரைக்குப் பெயர்ந்தனர். நாராயணகவியும் 1930களில் அவ்வழியே சென்றார். இளங்கோவடிகளின் காப்பியத்தை மக்கள் திரளிடம் கொண்டு சேர்த்த 1942-ஆம் ஆண்டின் 'கண்ணகி' படத்திற்குப் பாடல் எழுதியவர் அவரே. எழுதிச் சேர்த்த பொருளால் கடன்களைத் தீர்த்து, சொன்ன சொல் தவறாதவராகச் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தார். பாட்டெழுதிக் கடனடைத்த இச்செய்தி, அவர் வாழ்வின் நடுத்தூண் போன்றது.

கலைவாணரின் தோழமை

நாராயணகவியின் பாட்டுக்கு உரிய குரலாக அமைந்தவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். சிரிக்க வைத்துச் சிந்திக்கச் செய்யும் கலைவாணரின் நோக்கமும், எளிய சொல்லில் அரிய கருத்தை வைக்கும் கவிராயரின் ஆற்றலும் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தன. இக்கூட்டுறவின் சிறந்த விளைச்சல் 'கிந்தனார்' கதாகாலட்சேபம். 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் இது இடம்பெற்றது.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இசை மேடைகளில் கேட்டுப் பழகிய காலம் அது. அந்நந்தன் தில்லை காண ஏங்கினான். நாராயணகவியின் கிந்தனோ கல்வி காண ஏங்குகிறான். ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த அவன் நகரத்துக்குச் சென்று படித்து, கல்வித்துறை அதிகாரியாகித் தன்னை இழிவுபடுத்திய ஊருக்கே திரும்பி வருகிறான். தீக்குளித்துத் தூயவனாக வேண்டிய தேவை அவனுக்கு இல்லை. காலட்சேபத்தின் சுருதி, தாளம், இடைப்பேச்சு ஆகிய மரபுக் கூறுகள் யாவும் அப்படியே இருக்க, உள்ளுறை மட்டும் முற்றாக மாறிவிடுகிறது. பழைய வடிவத்தை நன்கு கற்றவனே அதனுள் புதியதை வைக்க முடியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. நான்காம் வகுப்போடு பள்ளியை இழந்த ஒருவர் கல்வியைப் போற்றி இதனை எழுதினார் என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, நகைச்சுவைக்கு அடியில் ஓடும் துயரம் புலப்படும்.

1955-இல் வந்த 'முதல் தேதி' படத்தில் கலைவாணர் பாடிய பாடல் மாதச் சம்பளக்காரனின் கதையை நாட்கணக்காகச் சொல்வது. மாதத்தின் முற்பகுதிக் களிப்பும் பிற்பகுதித் திண்டாட்டமும் அதில் எண்களாகவே நிற்கின்றன. உவமை இல்லை, அணி இல்லை, கணக்கே கவிதையாகிறது. சனிக்கிழமை வாரக்கூலி வாங்கி அடுத்த வெள்ளிக்குள் கைமாற்றுத் தேடும் பின்னலாடைத் தொழிலாளிக்கு, மாதத்தை வாரமாக்கிக்கொண்டால் அப்பாட்டு அவன் சொந்தக் கதையே. தீப்பெட்டி விற்ற கையும் கடனுக்கு அஞ்சிய நெஞ்சும் எழுதிய பாட்டு அது.

பகுத்தறிவுப் பாதை

1934-இல் திருப்பூரில் நடைபெற்ற செங்குந்தர் இளைஞர் மாநாட்டில் பெரியாரும் அண்ணாவும் முதன்முதலாகச் சந்தித்தனர். திராவிட இயக்க வரலாற்றில் பெரும் விளைவுகளைத் தந்த சந்திப்பு அது. அந்த அண்ணா பின்னர்த் திரைக்கு எழுதியபோது, அவருடைய உரையாடலுக்கு இணையாகப் பாட்டில் ஒலித்தவர்களுள் முதன்மையானவர் நாராயணகவி. 'வேலைக்காரி', 'நல்லதம்பி', 'ஓர் இரவு' ஆகிய படங்களில் இவ்விணைப்பைக் காணலாம்.

1952-இல் வெளிவந்த 'பராசக்தி'யில் சி.எஸ். ஜெயராமன் குரலில் ஒலிக்கும் காகத்தைப் பற்றிய பாடல் தனித்து நோக்கத்தக்கது. உணவு கண்ட காகம் தன் இனத்தைக் கூவி அழைத்துப் பகிர்ந்து உண்ணும் இயல்பை வள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்தில் காட்டினார். சுற்றம் பேணும் அறத்துக்குச் சான்றாக நின்ற அக்காகத்தை நாராயணகவி நகரத்துத் தெருவுக்கு அழைத்து வந்து, பசித்தவரைப் பாராமுகம் காட்டும் மனிதரைப் பார்த்துக் கரைய விட்டார். குறளை அறியாதவரும் அப்பாட்டைப் பாடினர்; அதன் வழியே குறளின் பொருளையும் பெற்றனர்.

தேவதாசன் பாடல்கள்

கொள்கைப் பாடல் மட்டுமே எழுத வல்லவர் என்று அவரை ஒதுக்க இயலாமல் செய்வது 1953-ஆம் ஆண்டின் 'தேவதாஸ்'. தெலுங்கிலும் தமிழிலும் ஒருசேர உருவான படம் அது. சி.ஆர். சுப்பராமன் அமைத்த மெட்டுகளுக்கு, நாகேஸ்வர ராவின் உதடசைவுக்கும் கண்டசாலாவின் குரலுக்கும் பொருந்தத் தமிழ்ச் சொல் வேண்டும். மெட்டு முன்னே சென்று சொல்லைப் பின்னே இழுக்கும் இப்பணியில் பொருள் சிதைவது இயல்பு. நாராயணகவியின் பாடல்களோ தமிழிலேயே பிறந்தவை போல் நின்றன. காதலை இழந்து மதுவில் மூழ்கியவன் உலகத்தையே மாயமெனச் சொல்லும் அந்தப் பாட்டைக் கேட்டு ஒரு தலைமுறையே கண் கலங்கியது.

உலகம் மெய், உழைப்பு மெய், அறிவு மெய் என்று பாடிவந்த பகுத்தறிவுவாதி எழுதிய பாட்டு இது. மதுவிலக்கை வலியுறுத்திய 'நல்லதம்பி'க்கும் மதுவில் கரைந்த தேவதாசனுக்கும் பாட்டெழுதிய பேனா ஒன்றே. இதனை முரண்பாடு என்பார் உளர். பாத்திரத்தின் நெஞ்சுக்குள் புகுந்து அதன் வாயால் பேசுவது நாடகக் கவிஞனின் அறம். சங்க அகப்பாடல்களில் தலைவிக்கும் தோழிக்கும் பரத்தைக்கும் வெவ்வேறு குரல் தந்த புலவர் மரபு அது. சங்கரதாஸ் சுவாமிகளின் மாணவர் அம்மரபை மறக்கவில்லை.

எஞ்சியிருக்கும் கடன்

அந்நாளையப் படங்களின் பெயர்ப் பட்டியலில் பாடலாசிரியர் நால்வர் ஐவர் பெயர் ஒருங்கே வரும். எந்தப் பாட்டு எவருடையது என்ற குறிப்பு இராது. கொட்டகை வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கிழிந்து மறைந்தன. ஒருவர் பாட்டு மற்றொருவர் பெயரில் வழங்குவது இதனால் நேர்ந்தது. மேடையில் பாடப்பட்டு அச்சேறாமல் போன நாடகப் பாடல்களின் இழப்பு இன்னும் பெரிது. புகழை நாடிப் பாட்டெழுதியவர் அல்லர் ஆதலின், அவற்றைத் தொகுத்து வைப்பதிலும் கவிராயர் முனைந்து நிற்கவில்லை.

கலைவாணர் 1957-இல் மறைந்தபின் திரைப்பாட்டின் போக்கும் மாறத் தொடங்கியது. புதிய தலைமுறைக் கவிஞர்கள் எழுந்தனர். நாராயணகவி தம் இறுதிக் காலத்தைப் பூளவாடியில் கழித்து, 1981-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் இயற்கை எய்தினார். கடன்பட்டு நீங்கிய ஊரிலேயே, எவருக்கும் எதுவும் தர வேண்டாதவராக அவர் கண் மூடினார். உடுமலையில் அவருக்கு மணிமண்டபம் எழுந்தது. 2008-இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது.

கல்லும் தலையும் சமைத்ததோடு கடமை முடிந்துவிடாது. திரைப்பாட்டென்றால் இலக்கிய வாயிலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கம் தமிழ்ப் புலமை உலகில் நெடுநாள் இருந்தது. யாப்பறிந்து, மரபறிந்து, மக்களின் பசியறிந்து பாடிய ஒருவரை அவ்வாயிலில் நிறுத்துவதற்கு நியாயம் ஏதுமில்லை. அச்சில் ஆயிரம் படிகூடச் செல்லாத கவிதைக்காக உழைக்கும் கவிஞர்கள், எழுத்தறியாதவர் நாவிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த சொற்களைச் செய்தவரிடம் கற்க வேண்டியவை பல. அவர் பட்ட கடனை அவர் பாட்டெழுதித் தீர்த்தார். அவரிடம் தமிழ் பட்ட கடன், அவருடைய ஒவ்வொரு பாட்டோடும் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் நாளில்தான் தீரத் தொடங்கும்.